தாத்தா தண்ணீர் கேட்டால்

ஜூன் 9

தம்பிக்கு,

இனிமேல் எனக்கு போன் செய்யாதே. செய்தாலும் எடுக்க மாட்டேன். சொல்ல வேண்டியது எதுவானாலும் எழுது. உன் குரலை நம்பி ஒருமுறை ஏமாந்தது போதும்.

"தாத்தாவுக்குக் கொஞ்சம் முடியலக்கா, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன், பயப்பட ஒண்ணுமில்ல" என்று நீ சொன்னபோது அவர் உயிரோடு இல்லை. அது தெரியாமல் நான் மேற்பார்வையாளர் காலில் விழாத குறையாக லீவு கேட்டேன். நான் வேலை பார்க்கும் இந்த முதியோர் இல்லத்தில் லீவு என்றால் நம் வேலையை வேறொருவர் தலையில் கட்டியாக வேண்டும். யார் யாரிடமோ பல்லைக் காட்டினேன். ஆஸ்பத்திரியில் ஏசி போட்டிருப்பார்கள், கிழவருக்குக் குளிரும் என்று ஒரு கம்பளிச் சட்டை வாங்கினேன். பெட்டியை மூடிவிட்டு, இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்கலாம் என்று கூப்பிட்டால், "எடுத்தாச்சுக்கா" என்கிறாய். அந்தச் சட்டை இன்னும் அதே பெட்டியில்தான் இருக்கிறது.

வேறு எந்த வீட்டுப் பிள்ளையாவது இதைச் செய்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். நீ யார் கையில் வளர்ந்தவன்? செத்தவனைப் பற்றி "கொஞ்சம் சீரியஸ்" என்று இழுப்பவர்களைக் கண்டால் தாத்தாவுக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வரும்! "ஒருத்தனை ஏண்டா ரெண்டு தடவை சாகடிக்கிறீங்க" என்று கத்துவாரே. அவருடைய சாவையே நீ எனக்கு அப்படித்தான் சொன்னாய்.

ஓட்டுநர் சங்கச் செயலாளர் எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். தாத்தாவுக்கு நினைவுக் கூட்டம் வைக்கிறார்களாம், படம் திறக்கிறார்களாம். பேத்தி ஒரு கட்டுரை எழுதி அனுப்பினால் பேரன் படிக்கலாம் என்கிறார். எழுதுகிறேன். ஆனால் அவர் கடைசி நாள் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. என்ன சாப்பிட்டார், எங்கே இருந்தார், யார் பக்கத்தில் இருந்தார்கள், எல்லாவற்றையும் எழுது.

அக்கா

ஜூன் 24

அக்காவுக்கு,

லோடு இறக்கக் காத்திருக்கிற இடத்தில், ஸ்டியரிங் மேல் ஒரு அட்டையை வைத்து எழுதுகிறேன். கோழிக் கிறுக்கலாக இருந்தால் திட்டாதே. திட்டுவதற்கு உனக்கு வேறு நிறைய இருக்கிறது.

நான் செய்தது தப்புதான். போனை எடுக்கும்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். நீ "என்னடா, சாப்பிட்டியா?" என்றாய். உடனே ஆஸ்பத்திரி என்று ஒரு பொய் வந்தது. அடுத்த முறை நீ கூப்பிட்டபோது அந்தப் பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று. இதற்கு மேல் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியவில்லை.

கூட்டத்துக்குச் செயலாளர் தடபுடலாக ஏற்பாடு செய்கிறார். தாத்தாவின் பழைய லைசென்ஸில் இருந்த படத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். போலீஸில் பிடிபட்டவர் மாதிரி முறைக்கிறார். வேறு படம் இருக்கிறதா என்று வீடு முழுக்கத் தேடினேன். மற்ற எல்லாப் படத்திலும் யாரோ ஒருவருடைய சாவு வீட்டில், பின்வரிசையில் நிற்கிறார்.

கடைசி நாள் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் வண்டியில் இருந்தேன். அமைதியாகப் போய்விட்டார் என்று எழுதிக்கொள். வயதாகிவிட்டது, நெஞ்சுவலி, அவ்வளவுதான். அவர் செய்த வேலையைப் பற்றி எழுது, அதுதான் எல்லோருக்கும் பிடிக்கும்.

தம்பி

ஜூலை 8

தம்பிக்கு,

"அவ்வளவுதான்" என்று நீ எழுதினால் அதற்குக் கீழே இன்னும் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டும் இப்படித்தான் சொல்வாய். சரி, எழுதிய வரைக்கும் படி. கூட்டத்தில் வாசிப்பதற்கு எழுதியதால் உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும்.

"எங்கள் தாத்தா லாரி ஓட்டியவர். கண் மங்கி ஸ்டியரிங்கை விட்ட பிறகு, சங்கத்தில் யாருமே தொடாத ஒரு வேலையைத் தானாகக் கையில் எடுத்தார். சாலையில் நம் ஓட்டுநர் யாராவது இறந்தால் தகவல் முதலில் சங்கத்துக்குத்தான் வரும். அதை அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்கிற வேலை அது. சம்பளம் கிடையாது, யாரும் அவரைக் கேட்கவும் இல்லை.

நடந்துதான் போவார். அவசரமாக வருகிறவனைத் தூரத்தில் பார்த்தாலே வீட்டிலிருப்பவர்களுக்குப் பாதி உயிர் போய்விடும் என்பார். கதவைத் தட்டி, 'ஒரு தம்ளர் தண்ணி குடும்மா. அடுப்பு எரிஞ்சா அணைச்சிட்டு வா' என்பார். முன்பு ஒரு வீட்டில் செய்தி கேட்ட பெண் எரிகிற அடுப்பின் மேலேயே விழுந்துவிட்டாளாம். அதிலிருந்து அந்த வாசகம். கொண்டுவந்த தண்ணீரை அவர் குடிக்க மாட்டார். அவளை உட்காரவைத்து, அவளைக் குடிக்கவைத்து, 'இறந்துட்டாம்மா' என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுவார். சுற்றி வளைக்க மாட்டார்.

அதற்குப் பிறகுதான் அவர் வேலையே ஆரம்பிக்கும். பிணவறை வாசலில் காவல் கிடப்பார். உடலைக் கொண்டுவர வண்டி பிடிப்பார். அந்தப் பெண்ணுக்கு ஒரு வேலை கிடைக்கும் வரை ஆபீஸ் ஆபீஸாக அவளோடு நடப்பார். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் இவர் தூங்க மாட்டார்.

தெருவில் அவருக்கு 'எமனோட தபால்காரர்' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். 'எமனுக்கு வேலை பாக்குறேன், போனஸ் கேட்டா பயமா இருக்கு' என்று சிரிப்பார்.

எங்கள் அப்பா சாலையில் இறந்த அன்றும் அவர்தான் வந்தார். இறந்தது சொந்த மகன். தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி, மருமகளிடம் தண்ணீர் கேட்டார். அம்மாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. தண்ணீரைக் கொண்டுவந்து, 'நீங்க குடிங்க மாமா' என்றாள். அன்று ஒருநாள்தான் அந்தத் தண்ணீரை அவர் குடித்தார்."

அம்மாவும் போன பிறகு நமக்குச் சோறு போட்டது, உன் மூக்கைத் துடைத்தது எல்லாம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அது நம் வீட்டுச் சங்கதி.

முடிவு மட்டும் எழுத வரவில்லை. இங்கே கிழவர்கள் போகும்போது நான்தான் பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கிறேன். யார் யார் வீட்டுத் தாத்தாக்களுக்கோ என் கையால் தண்ணீர் கிடைக்கிறது. நம் தாத்தாவுக்குக் கடைசியில் தண்ணீர் கொடுத்தது யார்? அதைச் சொல், அவர்களுக்கு நன்றி சொல்லிக் கட்டுரையை முடிக்கிறேன்.

அக்கா

ஜூலை 27

அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு முழு லோடு போய்த் திரும்பினேன். இந்த ஒன்றை மட்டும் நீ கேட்காமல் இருந்திருக்கலாம்.

யாரும் கொடுக்கவில்லை.

சங்கத்திலிருந்து மத்தியானம் நடந்து வந்திருக்கிறார். நல்ல வெயில். நம் தெரு முனையிலேயே நெஞ்சைப் பிடித்திருக்க வேண்டும். நம் வீடு கோடியில் இருக்கிறது, நானும் ஊரில் இல்லை. பக்கத்தில் இருந்த கதவுகளைத் தட்டியிருக்கிறார். தண்ணீர் கேட்டிருக்கிறார். நம் தெருவில் அவர் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டால் என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். ஒருவரும் திறக்கவில்லை. கடைசியாகப் பச்சைக் கதவு வீட்டுப் படியில் உட்கார்ந்திருக்கிறார். அங்கேயே போய்விட்டார்.

இதை எனக்குச் சொன்னது அந்தப் பச்சைக் கதவு வீட்டுப் பெண். உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர்கள். புருஷன் எண்ணெய் டேங்கர் ஓட்டுகிறான், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள் நம் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"தாத்தா என் கதவைத்தான் தட்டினார் அண்ணா. நான் உள்ளதான் இருந்தேன். 'தண்ணி'ன்னு கேட்டுச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. தொறந்தாத்தானே சொல்வார், தொறக்காம இருந்தா என் வீட்டுக்காரர் உயிரோட இருப்பார்னு தோணிச்சு. அவருக்குப் போன் போட்டேன். எடுக்கல. திரும்பத் திரும்பப் போட்டேன். அப்புறம் எடுத்தார். டீ குடிச்சிட்டிருந்தேன்னு சொன்னார். நான் சிரிச்சேன் அண்ணா. சத்தம் போட்டு அழுதேன், சிரிச்சேன், என்னென்னவோ பேசினேன். வெளிய ஒரு ஆள் நிக்கிறதே மறந்துபோச்சு. ஞாபகம் வந்து தொறந்தப்போ சாய்ஞ்சு கிடந்தார்."

இன்னொன்றும் சொன்னாள். "அடுப்பைப் பத்தி அவர் எதுவும் சொல்லல அண்ணா. வெறும் தண்ணி மட்டும்தான் கேட்டார். அதை நான் கவனிச்சிருக்கணும்."

வேறு யார் யார் கதவைத் தட்டினார் என்று கேட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாள், நிச்சயம் தெரியும். "என் கதவைப் பத்தி மட்டும்தான் நான் சொல்ல முடியும்" என்று போய்விட்டாள். நான் அவளைத் திட்டவும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை. இதை எப்படி அக்கா உனக்குப் போனில் சொல்வேன்?

அவள் என்னிடம் சொன்னதைச் சுவரோரம் நின்று யாரோ கேட்டிருக்கிறார்கள். இப்போது தெருவே அவளைக் கொலைகாரி மாதிரி பார்க்கிறது. தண்ணீர்க் குழாயடிக்கு இவள் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதிகமாகப் பேசுவது செயலாளர் வீட்டம்மாதான். "அந்த மனுஷனுக்குத் தண்ணி குடுக்காத கை" என்று அவள் காதில் விழும்படியே சொல்கிறாராம். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

தம்பி

ஆகஸ்ட் 10

தம்பிக்கு,

படித்தேன். வேலைக்குப் போய்விட்டு வந்து திரும்பவும் படித்தேன்.

காலி செய்யட்டும். எனக்கென்ன? ஊரார் புருஷன் செத்ததையெல்லாம் தன் தலையில் தூக்கிச் சுமந்த மனுஷன், நாய்க்கு ஊற்றுகிற தண்ணீர்கூட இல்லாமல் போயிருக்கிறார். அவள் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தாளாம். அதை வேறு வாய்விட்டு உன்னிடம் வந்து சொல்கிறாள். நீயும் மரம் மாதிரி நின்று கேட்டிருக்கிறாய்.

அவளுக்குப் பயம் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. புரிவதால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

கட்டுரைக்கு முடிவு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் எந்த வீட்டுப் படியில், என்ன கேட்டு, எப்படிச் செத்தார் என்று இருக்கிறது. கதவின் நிறம் உள்பட. அவர் படத்துக்குக் கீழே நின்று, ஒரு வரி விடாமல் படி. படிக்க மாட்டேன் என்றால் எனக்குத் தம்பியும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

அக்கா

செப்டம்பர் 21

அக்காவுக்கு,

நீ அனுப்பிய முடிவை நான் படிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நடந்ததையும் கேட்டுவிட்டு, தம்பி இல்லை என்று எழுதுவதானால் எழுது.

கூட்டத்தில் அப்பா கதை வரைக்கும் படித்தேன். நிறையப் பேர் அழுதார்கள். அடுத்த தாளை எடுத்துவிட்டு நிமிர்ந்தால், முன்வரிசை முழுக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறது. நான் எதைப் படிக்கப்போகிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். அவள் கதவின் நிறத்தைக் கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகத் தயாராக இருந்தார்கள். நான் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "தாத்தா ஒரு கதவை மட்டும் தட்டலங்க" என்றேன். செயலாளர் எழுந்துவந்து, "தம்பி ரொம்ப வேதனையில இருக்காப்ல" என்று மைக்கை வாங்கிக்கொண்டார். கூட்டம் முடிந்தது. டீ கொடுத்தார்கள்.

போன வாரம் சங்கத்தில் நானும் செயலாளரும் மட்டும் இருந்தோம். போன் வந்தது. கேட்டுக்கொண்டே இருந்தவர் ரிசீவரை என்னிடம் நீட்டினார். இறந்தது அவர் மகன், அவனும் லாரி ஓட்டுபவன். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய்விட்டான் அக்கா. என்னோடு படித்தவன். செயலாளர் நாற்காலியிலிருந்து எழ முயன்றார், முடியவில்லை. "நீ போப்பா. உங்க தாத்தா மாதிரி பக்குவமா சொல்லு" என்றார்.

நடந்துதான் போனேன். செயலாளர் வீட்டம்மா மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டார். நான் வாசலுக்கு வருவதற்குள் கதவு சாத்தித் தாழ் போடுகிற சத்தம் கேட்டது. தட்டினேன். "பெரியம்மா, நான்தான்" என்றேன்.

உள்ளேயிருந்து ஒரு அலறல். "அன்னைக்கு உங்க தாத்தா வந்தப்பவும் நான் தொறக்கல! என் பிள்ளை நல்லபடியா வீடு வந்து சேர்ந்தான்! இன்னைக்கும் தொறக்க மாட்டேன், போயிடு!"

அவரை ஒரு சொல் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நின்றுகொண்டு என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் அடிபட்டிருக்காம் பெரியம்மா, பயப்பட ஒண்ணுமில்ல." அதே பொய்தான், எனக்கு வேறு வரவில்லை. உள்ளே சத்தம் நின்றது. நான் சொன்னதை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தது.

பச்சைக் கதவு வீட்டுப் பெண் அன்றைக்குப் பாத்திரம் பண்டத்தையெல்லாம் சாக்கில் கட்டி வாசலில் வைத்து வண்டிக்குக் காத்திருந்தாள். ரோட்டைத் தாண்டி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கதவோடு கதவாக நெருங்கி நின்று பேசினாள்.

"அக்கா, நான் எதிர் வீடு. முதல்ல கீழ உக்காருங்க. உக்காந்துட்டீங்களா?"

கேட்டுவிட்டு இவளும் படியில் உட்கார்ந்தாள். கதவில் கையை வைத்துக்கொண்டாள்.

"உங்க பையன் இறந்துட்டார் அக்கா. அடி மட்டும் இல்ல. இறந்துட்டார். நான் இங்கேயேதான் உக்காந்திருக்கேன்."

அதன்பின் உள்ளேயிருந்து வந்த சத்தத்தை நான் எழுத மாட்டேன். கதவு திறந்தபோது அந்தம்மா இவள் மேலேயே விழுந்தார். தலையைப் பிடித்து உலுக்கினார், கன்னத்தில் மாறி மாறி அடித்தார். நான் தடுக்கப் போனேன். "விடுங்க அண்ணா" என்றாள். அடித்து ஓய்ந்து அவள் மடியிலேயே சாய்கிற வரைக்கும் கையைக்கூடத் தூக்கவில்லை. இரவு உடல் வரும் வரையில் அந்த வீட்டில்தான் இருந்தாள். வண்டிக்காரன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

இப்போது தெரு மாறிவிட்டது என்று நினைக்காதே. அந்தம்மா அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மற்றவர்களுக்கு அவளைக் கண்டால் இன்னும் பயம் கூடிவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் இரக்கப்பட்டு அடுத்த மாதக் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார். செயலாளர் சங்கத்துக்கு வருவதில்லை. நேற்று இன்னொரு போன் வந்தது, வேறு தெரு ஆள். யார் போவது என்று எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் எழுந்து போய் அவளைக் கூட்டி வந்தான்.

நாளைக்கு எனக்கு அதே மலைப்பாதையில் லோடு.

தம்பி

அக்டோபர் 6

தம்பிக்கு,

தம்பி இல்லை என்று எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ இருக்கிறாய். மலையிலிருந்து பத்திரமாக இறங்கிவிட்டாய் என்று ஒரு வரி எழுது.

அவளை நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. தாத்தா அந்தப் படியில் உட்கார்ந்திருப்பது இன்னமும் கண்ணை மூடினால் தெரிகிறது. உள்ளே அவள் சிரிக்கிற சத்தமும் கேட்கிறது. அது போகாது. நான் ஊருக்கு வந்தாலும் அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியுமா என்று தெரியவில்லை.

ஆனால் உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. நீ ஓட்டுவது லாரி. எனக்கு மிச்சமிருப்பது நீ ஒருவன். உனக்கு ஒன்று ஆகிவிட்டால் எனக்குச் சொல்லப்போவது யார்? சங்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டு, "கொஞ்சம் அடிபட்டிருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல" என்பார்கள். நான் மறுபடியும் லீவு கேட்பேன், மறுபடியும் சட்டை வாங்குவேன். இன்னொரு முறை அதை என்னால் தாங்க முடியாது.

அவள் வேறு தெருவுக்குப் போவதற்குள் என் நம்பரை அவளிடம் கொடு. எதற்கு என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் நான் எடுப்பேன் என்று சொல்.

அக்கா